யானை இருக்குமிடம் யாருக்குத் தெரிய வேண்டும்?

ராகி கதிர் முற்றும் பருவம் உழவனுக்கு மகிழ்ச்சிப் பருவம். ஆனால் தளி, ஜவளகிரி வட்டாரத்து உழவனுக்கு அப்பொழுதுதான் தூக்கம் போகிறது. கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து ஆண்டுதோறும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டுக்கு வருகின்றன. அங்கிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக, ஓசூரை அடுத்த சானமாவு காடுவரை போகின்றன. வழியில் வயல் உண்டு, ஊர் உண்டு, இரவு ஷிப்டு முடிந்து தொழிலாளி வீடு திரும்பும் சாலையும் உண்டு.

யானை ஏன் வருகிறது? திமிர் பிடித்து வருகிறது என்பார் சிலர். விஞ்ஞானம் வேறு விளக்கம் தருகிறது. 1980களில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் யானைகளை ஆராய்ந்தவர் ராமன் சுகுமார். காட்டுப் புல் முற்றிச் சத்து குறையும் வேளையில் வயலில் ராகி சத்தோடு நிற்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்னும் பிராணி, தீனி இருக்கும் இடத்துக்குத்தானே போகும்?

ஆகவே, யானை எங்கே மேய்கிறது, எந்த வழியே நடக்கிறது என்று அறிவதே முதல் வேலை. கடலில் திமிங்கிலத்துக்கும் இதைத்தான் செய்கிறார்கள். அதன் உடலில் கருவி பொருத்தி, செயற்கைக்கோள் மூலம் வழியைக் கண்டறிகிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் திமிங்கிலம் நடமாடும் இடங்களில், 2008-ல் பெரிய கப்பல்களின் வேகத்துக்கு வரம்பு கட்டினார்கள். அறிவு அங்கே சட்டமாயிற்று.

இங்கும் கருவி இல்லாமலில்லை. 2019-ல் சின்னத்தம்பிக்கும், 2021-ல் ரிவால்டோவுக்கும் காட்டிலாகா ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டியது. 2024-ல் கோவை மதுக்கரையில், யானை தண்டவாளத்தை நெருங்கினால் காமிராக்கள் கண்டறிந்து எச்சரிக்கும் ஏற்பாடு வந்தது. வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: ரயிலுக்குக் கிடைத்த எச்சரிக்கை, பரண்மீது கண்விழித்திருக்கும் உழவனுக்குக் கிடைக்கக் கூடாதா?

கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. மின்வேலியை நாம் ஆதரிக்கவில்லை. அது யானையையும் கொல்லும், மனிதனையும் கொல்லும். ஆனால் பயிரைக் காக்க வேறு வழி காட்டாமல் தண்டனையை மட்டும் காட்டுவது நீதியாகாது.

2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அமைந்தது. 2022-ல் காவிரி தெற்கும் வந்தது. எல்லைக் கல் மனிதன் நட்டது. யானைக்கு அது தெரியாது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 3,063 யானைகள் என்று கண்டார்கள். அண்டை மாநிலங்களோடு சேர்ந்தே எண்ணினார்கள். எண்ணுவதில் வந்த ஒற்றுமை, ராகிப் பருவத்தின் ஒவ்வொரு இரவும் வேண்டும். பன்னர்கட்டாவில் கூட்டம் புறப்பட்டால், ஜவளகிரியில் அன்றிரவே தெரிய வேண்டும்.

நம் கோரிக்கை எளியது. யானையின் நடமாட்டச் செய்தி ஆபீஸ் கோப்பிலே உறங்கக் கூடாது; கிராமத்துக்கும் ஆலை வாசலுக்கும் தமிழிலும், தெலுங்கிலும், கன்னடத்திலும் வந்து சேர வேண்டும். அழிந்த பயிருக்கு நஷ்டஈடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். யானையின் வழியில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி தரக் கூடாது.

தோழர்களே, யானையும் வாழட்டும், உழவனும் வாழட்டும். வழி தெரிந்த பிறகும் இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதை நாம் ஏற்க மாட்டோம்.