சிவப்பு விளக்கை நம்பலாமா?

பெட்ரோல் தீர்ந்தால் கார் நின்றுவிடும். பங்க்கில் வாங்கி ஊற்றினால் மறுபடியும் ஓடும்.

ஆயில் தீர்ந்தால்? கார் உடனே நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் 'கடகட' என்று சத்தம் வரும். அதன் பிறகு நிற்கும். நின்றது நின்றதுதான். என்ஜினைக் கீழே இறக்கி, அக்கக்காகப் பிரித்து வேலை செய்தால் ஒழிய ஓடாது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட எல்லாப் பெட்ரோல் கார்களிலும் அளவு காட்டும் வசதி இருக்கிறது. ஆயில் எப்படி இருக்கிறது என்று சொல்ல, பெரும்பாலான கார்களில் ஒரு சின்னச் சிவப்பு விளக்குதான் இருக்கிறது.

இந்த விளக்கு போதாது. காரை நம்பிப் பிழைக்கிறவர்களும், பழைய கார் வைத்திருக்கிறவர்களும் ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். புதுக்கார்க்காரர்கள் பொருத்த வேண்டாம். இரண்டுக்கும் காரணம் உண்டு.

விளக்கு எப்போது எரியும்?

என்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. 'சம்ப்' என்பார்கள். ஆயில் அதில் நிற்கும். என்ஜின் ஓடும்போது ஒரு பம்பு அந்த ஆயிலை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. கிராங்க் சுழலும் பேரிங்குகளுக்கெல்லாம் அது போய்ச் சேருகிறது.

நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால், கிராங்க் ஒரு விநாடியில் 50 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் இரும்பும் பேரிங்கும் ஒன்றோடு ஒன்று உரசாமல் காப்பது, தலைமயிரைவிட மெல்லிய ஆயில் படலம். அது போனால் உரசல். உரசினால் சூடு. சூட்டில் பேரிங் உருகும். கிராங்க் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். 'என்ஜின் சீஸ் ஆகிவிட்டது' என்று மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவது இதைத்தான்.

ஆயில் எவ்வளவு அழுத்தத்தோடு தள்ளப்படுகிறது என்பதை ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அளக்கிறார்கள். பல பெட்ரோல் கார்களில், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு சாலையில் 40 முதல் 60 பவுண்டு வரை நிற்கும். சும்மா நின்றுகொண்டு ஓடும்போது 10, 20 என்று இறங்கும். அது சகஜம்.

சிவப்பு விளக்கு எப்போது எரியும் தெரியுமா? பல கார்களில் 5 அல்லது 7 பவுண்டுக்கு இறங்கினால்தான் எரியும்!

50 பவுண்டு இருக்க வேண்டிய வேகத்தில் 15 பவுண்டுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் செத்துக்கொண்டிருக்கிறது. விளக்கோ அணைந்தே இருக்கிறது. டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார்.

வீடு எரிந்து முடிந்த பிறகு மணி அடிக்கும் காவல்காரனுக்குச் சம்பளம் எதற்கு?

பொம்மை முள்

'என் காரில் முள்ளே இருக்கிறது' என்று சிலர் சொல்லலாம். அந்த முள் உண்மையானதுதானா என்று பார்க்க வேண்டும்.

ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1989-ல் 'மியாட்டா' என்ற சிறு காரை வெளியிட்டது. ஆரம்பத்தில் அதில் இருந்த ஆயில் மீட்டர் நிஜமானது. 1995 மாடலில் மீட்டர் இருந்தது, முள்ளும் இருந்தது. ஆனால் பின்னால் இருந்தது, விளக்குக்குப் போடுகிற அதே மாதிரியான சுவிட்ச்! கொஞ்சம் அழுத்தம் வந்தால் போதும், முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 10 பவுண்டானாலும் அதே இடம்; 60 ஆனாலும் அதே இடம்.

முள் மேலும் கீழும் ஆடினால் விவரம் தெரியாதவர்கள் பயப்படுவார்கள் என்பது உண்மைதான். அதற்காக ஆடாத முள்ளை வைப்பது என்ன நியாயம்?

ஒரே ஒரு கார்

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்துச் செய்யப்பட்டது அம்பாசிடர். கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் தயாரான இந்தக் கார், 2014-ம் ஆண்டுடன் நின்றுவிட்டது. ஆனாலும் சாலையில் இன்னும் சில ஓடுகின்றன. தயாரிப்பு நின்றுபோன வேறு பல கார்களும் வாடகைக்கு ஓடுகின்றன.

அப்படி ஒரே ஒரு காரை வைத்துக் குடும்பம் நடத்துகிறவரை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் அதிலிருந்துதான். வீட்டு வாடகை அதிலிருந்துதான். கல்யாண சீசன் நடுவில் என்ஜின் போனால், செலவு ஒரு பக்கம். வருமானம் இல்லாத நாட்கள் ஒரு பக்கம். கடன்காரர் வீட்டு வாசலில் நிற்பார்.

இவருக்கு மீட்டர் என்ன செய்யும்?

நோய் முற்றுவதற்கு முன்பே சொல்லும். போன வருஷம் சூடான என்ஜினில், சிக்னலில் நிற்கும்போது 20 பவுண்டு இருந்தது. இப்போது 12 தான் இருக்கிறது. ஆயில் நீர்த்துப்போயிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். சீசன் வருவதற்கு முன்பே காரை மெக்கானிக்கிடம் காட்டலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் முள் திடீரென்று விழுந்து எழுந்தால், சம்பில் ஆயில் குறைந்திருக்கிறது என்று பொருள்.

முள் பூஜ்யத்துக்குப் போய்விட்டதா? ஓரமாக நிறுத்தி, உடனே என்ஜினை அணைக்க வேண்டும். 'வீடு பக்கம்தான், ஓட்டிவிடலாம்' என்ற எண்ணம் கூடாது.

முள் உயரே நின்றால் என்ஜின் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். முள் உயரத்தான் நிற்கும். பழைய கார் விற்கிற சில சாமர்த்தியசாலிகள், தேய்ந்த என்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றி முள்ளைத் தூக்கிக் காட்டுவார்கள். ஆகவே கார் வாங்கப் போகிறவர்கள், அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு முள்ளைப் பார்க்க வேண்டும்.

சூடு காட்டும் மீட்டர்

ஆயிலின் சூட்டைக் காட்டவும் தனி மீட்டர் கிடைக்கிறது. இது எல்லோருக்கும் தேவையில்லை. டவுனுக்குள் ஓட்டுகிறவருக்கு வீண் செலவு.

மலை ஏறுகிறவர்களுக்குத் தேவை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஏறும்போது தண்ணீர் முள் சரியாகவே நிற்கும். ஆயில் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். சாதாரணமாக 90 முதல் 110 டிகிரி வரை இருக்கலாம். 130-ஐத் தாண்டினால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். ஆயில் சூடு ஏற ஏற நீர்த்துப் போகும். நீர்த்தால் அழுத்தம் இறங்கும். இரண்டு மீட்டரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

இன்னும் இரண்டு மூன்று மீட்டர் சேர்த்து, நீல விளக்குப் போட்டு, ஆகாய விமானம் போல அலங்காரம் செய்கிற வாலிபர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

பொருத்துவது எப்படி?

மீட்டரில் இரண்டு வகை. ஒன்றில், மெல்லிய குழாய் வழியாக ஆயிலே மீட்டர் வரைக்கும் வரும். 1849-ல் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் உரிமை பெற்ற முறை இது. திருவிழாக் கடையில் ஊதினால் சுருள் விரியும் பீப்பி விற்பார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே மாதிரிதான். உள்ளே வளைந்த குழாய் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், முள் நகரும்.

மற்றொன்று மின்சார வகை. என்ஜினில் சென்சார், அதிலிருந்து மீட்டருக்கு ஒயர்.

குடும்பத்தோடு போகிற காருக்கு மின்சார வகையே நல்லது. முதல் வகையில் குழாய் வெடித்தால், கொதிக்கும் ஆயில் ஓட்டுகிறவர் காலில் கொட்டும்.

சிவப்பு விளக்கின் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு 'டீ' போட்டு, பழைய சுவிட்சையும் புதுச் சென்சாரையும் சேர்த்து வைக்க வேண்டும். விளக்கைக் கழற்றி எறியக்கூடாது. முள் ஒன்று சொல்லி, விளக்கு வேறொன்று சொன்னால் கோளாறு மீட்டரிலா என்ஜினிலா என்று சோதிக்க அது உதவும்.

மரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரைக்கால் அங்குலக் குழாய் மரையில், அமெரிக்க முறை என்றால் அங்குலத்துக்கு 27 மரை. பிரிட்டிஷ் முறை என்றால் 28. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சில சுற்று ஏறவும் செய்யும். அதற்கு மேல் பலத்தைக் காட்டித் திருகினால் மரை நாசம். அங்கிருந்து ஆயில் கசியும். என்ஜினைக் காப்பாற்ற வாங்கிய சாமானே என்ஜினைக் கொன்றுவிடும்! சுவிட்சைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், அதற்கேற்ற அடாப்டர் வாங்க வேண்டும்.

கனமான சென்சாரைப் பித்தளை டீயில் தொங்கவிட்டால், என்ஜின் அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். நல்ல ஹோஸ் போட்டு, சென்சாரைத் தனியாக ஒரு பிராக்கெட்டில் இறுக்குவது மேல். ஒற்றை ஒயர் சென்சாருக்கு உடம்புதான் எர்த். ஹோஸில் வைத்தால் தனி எர்த் ஒயர் கொடுக்க வேண்டும். மின் இணைப்புக்குப் பியூஸ் கட்டாயம். தகட்டில் ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம்.

புதுக்காருக்கு இந்த வேலை வேண்டாம். ஒயரை வெட்டினால், ஆயில் குழாயில் கை வைத்தால், வாரண்டி போய்விடும் என்று கம்பெனி சொல்லக்கூடும். அதோடு, காரின் கம்ப்யூட்டரே பலவற்றைக் கவனித்துக்கொள்கிறது. வாரத்துக்கு ஒரு முறை, காரைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சற்றுப் பொறுத்து, ஆயில் கம்பியை இழுத்து அளவைப் பார்த்தால் போதும். முழுக்கப் பேட்டரியில் ஓடும் காருக்கோ என்ஜினே கிடையாது. என்ஜின் ஆயிலும் கிடையாது.

பழைய காரில் மீட்டர் பொருத்தி முடித்ததும் மெக்கானிக்குக்குக் காசு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் பாருங்கள். சூடான பிறகு நிற்கும்போது எத்தனை பவுண்டு, சாலையில் எத்தனை பவுண்டு என்று ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, டேஷ்போர்டு பெட்டிக்குள் வையுங்கள்.