வானம் கிழியுமா?

பழவேற்காட்டுக் குப்பங்களில் வளரும் எங்களுக்கு வலை கிழிவது புதிதல்ல. ஒரு நண்டு சிக்கினாலே நான்கு கண் அறுந்துவிடும். திண்ணையில் அமர்ந்து அதைத் தைத்த பிறகே எங்களில் பலர் பாடப் புத்தகத்தைத் தொடுவோம். ஆகவே, வெளியும் காலமும் சேர்ந்து விரித்த துணி போன்றது, கனமான பொருள் அதில் குழி விழச் செய்யும் என்று சிஸ்டர் சொன்னதும், "அது கிழியாதா?" என்று கேட்டுவிட்டோம்.

கிழியாது என்பதே எங்கள் கட்சி. 1915-இல் ஐன்ஸ்டைன் கண்ட கொள்கைப்படி வெளி வளையும், நீளும், சுருங்கும். அறுந்துபோக அதில் நூலே இல்லை. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் ஓர் அதிர்வை உணர்ந்தன. சூரியனைப் போல் ஏறக்குறைய முப்பது மடங்கு கனமுள்ள இரண்டு கருந்துளைகள் மோதியதன் அலை அது. அத்தனை பெரிய மோதலிலும் வெளி அதிர்ந்து அடங்கியதே ஒழியக் கிழிந்ததாகத் தெரியவில்லை.

கருந்துளையின் நடுவில் என்ன ஆகும் என்று தோழியர் மடக்குவர். கல்கத்தாவில் அமல்குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட சமன்பாட்டின் துணையோடு, அங்கே பாதை முடிந்துவிடும் என்று 1965-இல் பென்ரோஸ் காட்டினார். மெய்தான். ஆனால் முடிந்தது கணக்கு. முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடலே இல்லை என்போமா?

ஒன்றுதான் எங்களை உறுத்துகிறது. மிக நுண்ணிய அளவில் வெளியே கண்ணிகளால் பின்னியதாக இருக்கலாம் என்று அபய் அஷ்டேகர் முதலிய விஞ்ஞானிகள் ஆராய்கின்றனர். அது மெய்யானால் நூல் உண்டு. எங்கள் கட்சியும் தோற்கும்.