இலண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?



கால அளவு பற்றி நானே தயாரித்த கணிதப் பயிற்சித்தாளில் ஒரு கேள்வி: "இலண்டனிலிருந்து காலை மணி 10.00க்குப் புறப்பட்ட வானூர்தி, பிற்பகல் மணி 12.20க்குப் பாரிஸ் நகரை அடைந்தது. பயண நேரம் எவ்வளவு?" நான் எதிர்பார்த்த விடை 2 மணி 20 நிமிடம். ஒரு மாணவி மட்டும் 1 மணி 20 நிமிடம் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் தவறு என்று குறியிட்டேன்.

மறுநாள் அவள் தயங்கித் தயங்கி வந்து, "டீச்சர், பாரிஸ் கடிகாரம் இலண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்குமே?" என்றாள். காற்பந்து ஆட்டம் பார்க்கும்போது தந்தை சொல்லக் கேட்டாளாம். அவள் விடையே சரி. என் முறைப்படி கணக்கிட்டால், பாரிசிலிருந்து 10.00க்குப் புறப்பட்டு இலண்டனை 10.20க்கு அடையும் வானூர்தி, 20 நிமிடத்தில் பறந்துவிட்டது என்றாகும்!

அன்று மாலை அவ்விரு நகரங்களைப் பற்றிப் படித்தேன். நேர்க்கோட்டில் இடைத்தூரம் சுமார் 345 கிலோமீட்டர். 1994இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தின் வழியே செல்லும் இரயில் பாதையோ சுமார் 490 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால், வானூர்திக்கு 26 நிமிடம் போதும். ஆனால், ஓடுபாதைக்கு நகர்தல், மேலேறுதல், இறங்குதல் எல்லாம் சேர, அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. நகருக்கு வெளியேயுள்ள விமான நிலையத்திற்குச் செல்லும் நேரமும் அங்குக் காத்திருக்கும் நேரமும் இதில் சேரவில்லை. இரயிலோ நகரின் நடுவிலிருந்து நகரின் நடுவிற்கு விரைவாகச் சென்றால் 2 மணி 16 நிமிடத்தில் சேர்க்கிறது. எது வேகமானது?

கடிகாரக் கதை இன்னும் சுவையானது. சூரியனைப் பார்த்தால் இரு நகரங்களுக்கும் ஏறத்தாழ 9 நிமிடமே வேறுபாடு. 1940இல் பிரான்சைக் கைப்பற்றிய ஜெர்மானியர் தங்கள் நேரத்தைப் பாரிசில் புகுத்தினர். போருக்குப் பின்னும் அந்நேரமே நிலைத்துவிட்டது. நம் நாட்டிலும் 1982 புத்தாண்டில் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளியதைப் பெரியவர்கள் நினைவுகூர்வர். நேரம் இயற்கை மட்டும் வகுப்பதன்று. மனிதர் எடுக்கும் முடிவும் அதில் உண்டு.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது?" என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமே. கழித்தலும் வகுத்தலும் பிழையின்றி வர வேண்டும். அதற்குப் பயிற்சியும் வேண்டும். ஆயினும், விடை கண்டபின், "இது நடக்கக்கூடியதா?" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் ஒதுக்கியிருந்தால், என் பிழை அச்சாகும் முன்பே தெரிந்திருக்கும்.

பெற்றோர்களே, பிள்ளையின் விடை விடைப்பட்டியலோடு ஒத்துப்போகவில்லையென்றால் உடனே அழிக்கச் சொல்லாதீர்கள். எப்படிக் கண்டாய் என்று முதலில் கேளுங்கள்.

அந்த மாணவிக்கு உரிய புள்ளியை வகுப்பின் முன்னிலையில் திருத்திக் கொடுத்தேன். பிழை கேள்வியில்தான் என்பதை மற்ற மாணவர்களுக்கும் சொன்னேன். ஆனால், அவள் தயங்கி நின்ற அந்த நொடியை மறக்க முடியவில்லை. கேட்காமலே திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேரோ?

சிந்திப்போம்.