புயலுக்கு முன் புறப்படுதல்

கடலோர நகரத்தில் அமைந்த பல்கலைக்கழகம் அந்நகரத்தின் ஏனைய பகுதிகளைப் போன்றதன்று. அங்கே வாழ்வோரிற் பெரும்பாலோர் பதினெட்டு, இருபது வயதினர், தொலைவிலிருந்து வந்தவர், ஊரின் மேடு எது, பள்ளம் எது என்பதை அறியாதவர். அவருள் சொந்த ஊர்தி உடையவர் சிலர். அண்மையில் உறவினர் வீடு உடையவர் சிலர். கடல் கடந்து வந்தவர்க்கோ இரண்டும் இல்லை. ஒரு குடும்பத்தில் தந்தையும் தாயும் கூடி முடிவு செய்வதை, அங்கே பல்லாயிரம் பிள்ளைகளின் பொருட்டுப் பல்கலைக்கழகமே செய்தல் வேண்டும். அம்முடிவை வானம் கறுத்த பின்னர்த் தேடலாகாது. வானம் தெளிந்திருக்கும் நாளிலேயே அது முடிந்திருத்தல் வேண்டும்.

அட்லாண்டிக் பெருங்கடலில் ஜூன் முதல் நாளிலிருந்து நவம்பர் இறுதி வரை புயற்பருவம் ஆகும். அதன் உச்சம் செப்டம்பர்த் திங்களில் அமைகின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் திறந்து, புதிய மாணவர் தம் அறைகளில் பெட்டிகளை இறக்கி வைக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. காற்றின் விரைவு மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டுமாயின் அப்புயலை ஹரிக்கேன் என்பர். அதனை ஐந்து படிகளாகப் பகுத்தும் கூறுவர். அப்படிகள் காற்றை மட்டுமே அளப்பன. மழையை அளப்பன அல்ல. கரையேறும் கடலையும் அளப்பன அல்ல. புயல் எச்சரிக்கை, கடுங்காற்றுத் தொடங்குவதற்கு 36 மணி நேரத்திற்கு முன் வெளியிடப்படுகின்றது. ஒரு குடும்பத்திற்கு அது போதிய காலமாகலாம். பேருந்துகளை வரவழைத்து, ஏற்றி, உள்நாட்டில் தங்குமிடமும் தேட வேண்டிய பெருநிறுவனத்திற்கு அது மிகக் குறுகிய காலமே.

லூயிசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள டுலேன் பல்கலைக்கழகத்தில், 2005 ஆகஸ்டு 27, சனிக்கிழமை, புதிய மாணவர் வந்து சேரும் நாளாக இருந்தது. பெற்றோர் படுக்கையும் பெட்டியும் சுமந்து விடுதிப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தனர். அன்றே, அனைவரும் உடனே நகரை விட்டுச் செல்லுமாறு பல்கலைக்கழகத் தலைவர் ஸ்காட் கோவன் அறிவித்தார். செல்ல இடமற்ற மாணவர் சில நூறு பேர், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜாக்சன் நகரின் மாநிலப் பல்கலைக்கழகத்திற்குப் பேருந்துகளில் அனுப்பப்பட்டனர். 29-ஆம் நாள் கத்ரீனா கரையைக் கடந்தது. கால்வாய்க் கரைகள் உடைந்தன. நகரத்தின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. ஜாக்சனிலும் மின்சாரம் அற்றமையால் மாணவர் அங்கிருந்தும் வேறிடங்களுக்குச் செல்ல நேர்ந்தது. ஆயினும், அவர்கள் வெள்ளத்தின் நடுவில் இல்லை. அப்பருவம் முழுதும் டுலேன் மூடியே கிடந்தது. நாடெங்குமுள்ள பல நூறு கல்லூரிகள் அதன் மாணவரைத் தம் வகுப்புகளில் ஏற்றுக்கொண்டன. 2006 ஜனவரியில் கதவு திறந்தபொழுது அவருட் பெரும்பாலோர் திரும்பி வந்தனர்.

அதே நகரத்தின் சேவியர் பல்கலைக்கழகத்தில் சில நூறு பேர் வெளியேற இயலாது சிக்கிக் கொண்டனர். சுற்றிலும் நீர் நிற்க, மேல்மாடிகளில் நாட்களைக் கழித்த அவர்கள் பின்னர்ப் படகுகளால் மீட்கப்பட்டனர். அவர்களைக் குறை கூறுதல் எளிது, அஃது அறமன்று. செல்வம் மிகுந்த நிறுவனத்திற்கும் எளிய நிறுவனத்திற்கும் புயல் ஒன்றே. பேருந்தும் தங்குமிடமும் ஒன்றல்ல. ஆயத்தம் என்பதைத் தனி மனிதரின் முன்மதி என்றே கருதி, மெழுகுவத்தியும் குடிநீரும் வாங்கி வைக்குமாறு அறிக்கை ஒட்டுவதோடு கடமை தீர்ந்தது என எண்ணுவோர் இதனை நினைத்துப் பார்த்தல் நன்று. ஊர்தியில்லா மாணவனுக்கு அவ்வறிக்கையால் என்ன பயன்?

"புறப்பட்டுச் சென்றோம், புயல் வரவேயில்லை, பணமும் காலமும் வீணாயின" என்பது இத்தகைய ஊர்களில் அடிக்கடி கேட்கும் குரல். அக்குரலிலும் உண்மை உண்டு. 1998-இல் ஜார்ஜஸ் என்னும் புயலுக்கு அஞ்சியும், 2004-இல் ஐவான் என்னும் புயலுக்கு அஞ்சியும் நியூ ஆர்லியன்ஸ் மக்கள் பல்லாயிரவர் வெளியேறினர். நெடுஞ்சாலைகளில் ஊர்திகள் நகராது மணிக்கணக்கில் நின்றன. இரு புயல்களும் கிழக்கே விலகிச் சென்றன. மறு ஆண்டு கத்ரீனா வருகின்றது எனக் கேட்டபொழுது, "இதுவும் விலகிவிடும்" என்று இருந்தவர் சிலர். புயல் செல்லும் வழியைக் கணிக்கும் கலை இன்று பெரிதும் வளர்ந்துள்ளது. எனினும், இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சொல்லும் கணிப்பில் நூறு கிலோமீட்டர்ப் பிழை இன்றும் நேரலாம். ஆகவே, வீண் பயணம் என்பது கணக்கில் முன்னரே எழுதப்பட வேண்டிய செலவு. தீப்பற்றாத வீட்டுக்காரர் தாம் கட்டிய காப்பீட்டுத் தொகையைத் திரும்பக் கேட்பதில்லை. நான்கு நாள் பாடம் இழப்பதைக் கண்டு முணுமுணுக்கும் ஆசிரியரும், பயணச்செலவை எண்ணி வருந்தும் பெற்றோரும் இதனை ஒப்புக்கொண்டாலன்றி, அடுத்த முறை "செல்க" என ஆணையிடத் தலைவர் எவரும் தயங்குவர். அத்தயக்கமே கொடியது.

எனினும், புறப்படுவதற்கும் காலம் கிடையாத புயல் உண்டு. 2021-இல் ஐடா, உருவாகிய மூன்று நாட்களுக்குள் மணிக்கு 240 கிலோமீட்டர்க் காற்றுடன் அதே மாநிலத்தைத் தாக்கியது. நகரம் முழுவதையும் வெளியேற்ற நேரமில்லை என நகரத் தலைவரே கூறினார். டுலேன் மாணவர் பலர் உறுதியான கட்டடங்களுக்குள் தங்கினர். கத்ரீனாவுக்குப் பின் பெரும்பொருட் செலவில் எழுப்பிய கரைகள் இம்முறை உடையவில்லை. ஆனால், நகரத்திற்கு மின்சாரம் கொணரும் எட்டுப் பெருந்தடங்களும் ஒருங்கே அற்று வீழ்ந்தன. காற்று ஓய்ந்தபின் வந்தது வெப்பம்; அந்நகரில் அப்புயலால் மாண்டோருட் பலரைக் கொன்றது அவ்வெப்பமே. மாணவர் பேருந்துகளில் ஹூஸ்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தங்கியிருத்தல் என்னும் முடிவுக்குள்ளும் புறப்படுதல் என்னும் முடிவு ஒளிந்திருக்கின்றது. பேருந்துகளைப் பேசி வையாதவர் தங்கியிருக்கவும் தகுதியற்றவர்.

மனிதர் புறப்படலாம், நூல்களும் ஆய்வுப் பொருள்களும் இருந்த இடத்தில் இருந்தே வெள்ளத்தை ஏற்கின்றன. 2001 ஜூன் திங்களில் ஆலிசன் என்னும் புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தது. அது ஹரிக்கேன் என்னும் பெயரையும் எட்டாத சிறு புயல். அதன் மழையோ பெருமழை. அந்நகர மருத்துவக் கல்லூரிகளின் நிலவறைகளில் வைத்திருந்த ஆய்வு விலங்குகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. பல்லாண்டு உழைப்பு ஓர் இரவில் அழிந்தது. பின்னர் அங்கே நீர் புகா வெள்ளக் கதவுகள் அமைக்கப்பட்டன. 2017-இல் ஹார்வி வந்தபொழுது அவை பயன் தந்தன. ஆயினும், ஹூஸ்டன் கற்றதை நியூயார்க் கல்லாதிருந்தது. 2012-இல் சாண்டிப் புயலின்போது அந்நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிலவறை ஆய்வுக்கூடத்திலும் எலிகள் அவ்வாறே மூழ்கின. அதன் மருத்துவமனையில் மின்சாரம் அற்றது. நோயாளர் முந்நூற்றுவரையும் பச்சிளங் குழந்தைகளையும் இருளில் படிகளின் வழியே சுமந்து இறக்கினர்.

டுலேனின் ஹவர்டு-டில்டன் நூலகத்திலும் நிலவறையே நீரால் நிறைந்தது. அரசு ஆவணங்களும் நாளிதழ்த் தொகுதிகளும் இசை நூல்களும் அங்கேதான் இருந்தன. நனைந்தவற்றுள் மீட்கக்கூடியவற்றை வெளியூருக்கு அனுப்பி, உறைய வைத்து, ஈரம் நீக்கிக் காத்தனர். இழந்த நிலவறைக்கு ஈடாக நூலகத்தின் உச்சியில் இரண்டு புதிய மாடிகள் எழுப்பப்பட்டன. அவை முடிவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.