மைதானத்தில் வாத்தியார் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கேம் எல்லாத்தையும் தடை பண்ணணும் சார்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருவர் எழுதுகிறீர்கள். பப்ஜியை 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி தடை செய்தார்களே, என்ன ஆயிற்று? அடுத்த ஜூலையில் பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றி வந்து உட்கார்ந்துகொண்டது.

என் கோபம் சுடுகிற விளையாட்டின் மேல் இல்லை. கிட்டிப்புள்ளில் நெற்றி உடைத்துக்கொண்டவர்கள்தான் நாமெல்லாம். காதில் மாட்டுகிற ஹெட்செட்தான் பிரச்சினை. நான்கு பேர் அணியில் மூன்று பேர் யாரென்றே தெரியாது. ஆறாம் வகுப்புப் பையனோடு முப்பது வயது ஆள் பேசிக்கொண்டிருப்பான். கீரப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர் உங்கள் பிள்ளையிடம் அரை மணி நேரம் பேசினால் சும்மா இருப்பீர்களா? வீட்டுக்குள் அதே பேச்சு நடந்தால் "விளையாடுறான் சார்" என்கிறீர்கள்.

பப்ஜி ஆடிக்கொண்டே பெண்களை ஆபாசமாகப் பேசி நேரலை செய்த யூடியூபர் ஒருவர் 2021 ஜூனில் தருமபுரியில் கைதானது நினைவிருக்கும். அதுவரை லட்சக்கணக்கானோர் அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோடிப் பேர் ஆடுறாங்க, கம்பெனி எப்படி சார் கவனிக்கும்?" என்று பொறியியல் படித்த என் மாணவர் கேட்டார். மனமிருந்தால் முடியும் தம்பி. ஜப்பானின் நின்டெண்டோ 2012-இல் வீ யூ என்ற விளையாட்டுப் பெட்டிக்குள்ளேயே மீவெர்ஸ் என்று ஒரு சந்திப்பிடம் வைத்தது. பிள்ளைகள் அங்கே சிறு குறிப்பு எழுதலாம், கையால் படம் வரைந்து போடலாம். தப்பானதை நீக்க ஆட்களை வைத்தார்கள். பெற்றோர் பூட்டு போடவும் வழி இருந்தது. 2017 நவம்பரில் மூடிவிட்டார்கள், அது வேறு கதை. அதே கம்பெனி 2013 அக்டோபரில், சிறுவர்களும் தகாதவற்றைப் பரிமாறுகிறார்கள் என்று தெரிந்ததும் ஸ்வாப்நோட் என்ற கடிதச் செயலியின் இணைய வசதியையே நிறுத்தியது. லாபம் பார்க்கிற கம்பெனிதான் அதுவும்.

நம் சட்டங்கள் பணப்பையைத்தான் பார்க்கின்றன. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு, பதினெட்டு வயதுக்குக் கீழ் பணம் கட்டி ஆடக்கூடாது என்று விதி போட்டது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் பணமில்லாத ஆட்டத்தில் பிள்ளையின் காதில் விழுவதை யார் கேட்பது?

பிஜிஎம்ஐ-யில் சிறுவர்கள் ஆட, பெற்றோர் போனுக்கு ஓடிபி வரும் என்பார்கள். வருகிறது. பையன் கையில் இருப்பதே அப்பாவின் போன்தானே!

பள்ளியில் இடைவேளை விட்டால் மைதானத்தில் ஓர் ஆசிரியர் நிற்பார். வெயிலோ தூறலோ, அது எங்கள் பணி. மைதானம் திறந்தவன் ஆளையும் நிறுத்தட்டும். பதினெட்டுக்குக் கீழே குரல் உரையாடல் தொடக்கத்திலேயே அணைந்திருக்கட்டும். தமிழில் புகார் கொடுத்தால் தமிழ் தெரிந்த மனிதர் பதில் சொல்லட்டும். இதைக் கேட்டு நம் எம்.எல்.ஏ., எம்.பி.க்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள். அதுவரை, ஆட்டத்துக்குள் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்து வையுங்கள்.

மறுப்புச் சொல்ல நினைப்பவர்கள் கீழே தாராளமாக எழுதலாம். பிழையில்லாமல்.