வெறுங் கணனியும் சும்மா கிடைக்கும் விண்டோஸும்



பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் மகளுக்கு மடிக்கணனி வாங்கத் தேடிய தாயொருவர் இப்படிக் கேட்கிறார்: "ஹஸ்ரத், ஒரே மாதிரியான இரண்டு மடிக்கணனிகளைக் கடையில் காட்டினார்கள். ஒன்றில் விண்டோஸ் இருக்கிறது, விலை கூட. மற்றதில் ஒன்றும் இல்லை, விலை குறைவு. குறைந்ததை எடுங்கள், விண்டோஸை நாங்கள் சும்மா போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். வாப்பா வெளிநாட்டில் வியர்வை சிந்தி அனுப்பிய காசு. மிச்சம் பிடிக்கத்தான் மனம் சொல்கிறது. இது ஆகுமா?"

இந்தக் கேள்வி பல வீடுகளுக்கும் பொதுவானது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

கணனி என்பது இரும்பும் பிளாஸ்டிக்கும் மின்சுற்றும் சேர்ந்த ஒரு பொருள். அதை வேலை செய்ய வைப்பது பணிசெயல் முறைமை என்ற அடிப்படை மென்பொருள். விண்டோஸ் அவற்றுள் ஒன்று, லினக்ஸ் இன்னொன்று. பணிசெயல் முறைமை இல்லாத கணனி, சிலிண்டர் இல்லாத கேஸ் அடுப்பைப் போன்றது. அடுப்பில் குறையில்லை. ஆனால் சிலிண்டர் வரும்வரை அதில் தேநீர்கூட வைக்க முடியாது.

கடைகளில் இத்தகைய கணனிகளின் விபரத்தாளில் 'டொஸ்' அல்லது 'ப்ரீடொஸ்' என்று எழுதியிருப்பார்கள். ப்ரீடொஸ் என்பது 1994ஆம் ஆண்டு அமெரிக்க மாணவர் ஜிம் ஹோல் தொடங்கிய, எவரும் இலவசமாகப் பாவிக்கத்தக்க ஒரு முறைமை. கறுப்புத் திரையில் எழுத்தாகக் கட்டளையிட்டு இயக்கும் பழைய முறை அது. உங்கள் மகள் கட்டுரை எழுதவோ இணையவழி வகுப்பில் அமரவோ அது உதவாது. ஆகவே விபரத்தாளில் அந்தச் சொல்லைக் கண்டால், வேலைக்குரிய முறைமை உள்ளே இல்லை என்றே விளங்கிக்கொள்ளுங்கள்.

வெறுங் கணனியை விற்பதிலும் வாங்குவதிலும் எந்தத் தப்பும் இல்லை. சொல்லப் போனால், தேவையில்லாததற்கும் சேர்த்துப் பணம் கட்டாமல் இருக்க வேண்டும் என்று உலகில் பலர் போராடியே இருக்கிறார்கள். விண்டோஸ் போட்டாலும் போடாவிட்டாலும், விற்கும் ஒவ்வொரு கணனிக்கும் மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தும் ஒப்பந்தத்தில் தயாரிப்பாளர் பலர் ஒரு காலத்தில் இருந்தார்கள். 1994இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படியே அந்த நிறுவனம் இந்த முறையைக் கைவிட ஒப்புக்கொண்டது. 1999 பெப்ரவரி 15ஆந் திகதி, நாங்கள் பாவிக்காத விண்டோஸுக்குரிய பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கலிபோர்னியாவிலுள்ள அதன் அலுவலகமொன்றின் முன் லினக்ஸ் பாவனையாளர்கள் கூடினார்கள். பிரான்ஸில் ஒருவர் 2008இல் வாங்கிய மடிக்கணனி பற்றித் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. மென்பொருளோடு சேர்த்துக் கணனியை விற்பது மட்டும் நியாயமற்ற வியாபாரமாகி விடாது என்று 2016இல் அந்த நீதிமன்றம் விளக்கம் கூறியது. ஆக, சேர்த்து விற்பதும் வியாபாரம், பிரித்து விற்பதும் வியாபாரம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டியது நமது பொறுப்பு.

இனி, அந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்கு வருவோம். விண்டோஸ் விலைகொடுத்து உரிமை பெற வேண்டிய மென்பொருள். உரிமையே இல்லாத ஒன்றைக் கடைக்காரர் எப்படி அன்பளிப்பாகத் தருவார்? 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் ஐந்தாவது அமர்வு, எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை, வர்த்தகப் பெயர் போன்றவை மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. கணனி மென்பொருளும் இதில் அடங்கும் என்பதே இன்று பல அறிஞர்களின் நிலைப்பாடு. எழுத்துரிமை விடயத்தில் மாற்றுக் கருத்துக் கொண்ட அறிஞர்களும் இருந்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் விண்டோஸை நிறுவும்போது நிபந்தனைகளுக்கு உடன்படுகிறேன் என்று அழுத்திய பிறகே வேலை தொடர்கிறது. உடன்பட்டுவிட்டு மீறுவதற்கு எந்தக் கருத்தையும் ஆதாரமாகக் காட்ட முடியாது. நமது நாட்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் மூலம் கணனி மென்பொருளுக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது.

ஆகவே அந்தத் தாய்க்கு எனது பதில்: வெறுங் கணனியை வாங்குங்கள், ஆகும். திருட்டுப் பிரதியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மார்க்கத்தை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும் இதில் நட்டம் நமக்கே. பணம் கட்டாத விண்டோஸைப் பணம் கட்டியது போல் காட்டுவதற்கு ஒரு சிறிய மென்பொருளை ஓட்டுவார்கள். அது வேலை செய்ய வேண்டுமென்று கணனியின் வைரஸ் பாதுகாப்பையும் நிறுத்திவிடுவது வழக்கம். அந்தச் சிறு மென்பொருளுக்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று போட்டுக் கொடுப்பவருக்கே தெரியாது. மகளின் படங்கள், கடவுச்சொற்கள், வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் இருக்கப்போவது அதே கணனியில். பிறர் கையில் போகக் கூடாத குடும்பத்தின் அமானிதங்கள் அவை.

அப்படியானால் என்ன செய்யலாம்? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, விண்டோஸுடன் வரும் கணனியையே வாங்குவது. இப்படி வருவதன் அனுமதி அந்தக் கணனியோடு பிணைந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்த பிறகு, பெரிய நிறுவனங்களின் கணனிகளில் அதன் இலக்கம் தாய்ப்பலகையிலேயே பதிந்து வருகிறது. பிறகு அழித்து மீண்டும் போட்டாலும் அதே பதிப்புக்குப் புதிதாகப் பணம் கட்டத் தேவையில்லை. இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும், தனியாக விண்டோஸ் வாங்கும் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்த்து வாங்குவதே பல நேரம் இலாபமாக இருக்கும்.

இரண்டாவது, வெறுங் கணனியை வாங்கி விண்டோஸை முறைப்படி தனியே வாங்குவது. இணையத்தில் மிக மலிவாக விற்கப்படும் இலக்கங்களில் ஏமாற வேண்டாம். நிறுவனங்களுக்கென மொத்தமாகக் கொடுத்தவற்றை உடைத்து விற்பவர்களும் உண்டு. அவை ஒருநாள் செல்லாமல் போகலாம். விண்டோஸ் 10 போட்டுத் தருகிறோம் என்றாலும் சம்மதிக்க வேண்டாம். அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிந்துவிட்டது.

மூன்றாவது, லினக்ஸ். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இன்று உலகெங்கும் பாவனையில் உள்ளது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை இலவசமாக எடுக்கலாம், பிறருக்குப் பிரதி செய்து கொடுக்கலாம். அதற்கு உரியவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். கட்டுரை, கணக்கு அட்டவணை ஆகியவற்றுக்கு லிப்ரே ஒபிஸ் உண்டு. தமிழ், சிங்களம், அரபு மூன்றிலும் எழுதலாம். ஆனால் ஒட்டோகாட், போட்டோஷொப் போன்றவை அதில் நேரடியாக ஓடா. ஆகவே பாடநெறிக்கு எந்த மென்பொருள் கட்டாயம் என்பதை விரிவுரையாளரிடமோ மூத்த மாணவியரிடமோ மகள் முதலில் விசாரிக்கட்டும்.

வெறுங் கணனி வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே ஒன்றும் இல்லாததால் கடையில் ஓட்டிப் பார்க்க முடியாது. இதற்கு வழி இருக்கிறது. லினக்ஸ் பதிந்த பென் டிரைவ் ஒன்றைத் தெரிந்த பிள்ளை ஒருவர் மூலம் தயார் செய்து கொண்டு போங்கள். கணனியில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டலாம். திரையில் புள்ளிகள் உண்டா, எல்லா விசைகளும் வேலை செய்கின்றனவா, ஒலி, கமரா, வைபை சரியா என்று பாருங்கள். மெமரியும் வன்தட்டும் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்பதும் அங்கேயே தெரியும். பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். நாங்களாக முறைமை போட்டால் உத்தரவாதம் செல்லுமா என்றும் கேளுங்கள்.

பற்றுச்சீட்டில் இரண்டு வரி எழுதி வாங்கத் தவறாதீர்கள். கணனி எந்த மாதிரி, பணிசெயல் முறைமை உண்டா இல்லையா? உண்டென்றால் எது, அனுமதியுடனா என்பதும் அதில் இருக்க வேண்டும். 'சும்மா போட்டுத் தருகிறோம்' என்றவர் அதைச் சீட்டில் எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால், உங்கள் கேள்விக்குரிய பதில் அதுவே. வாப்பாவின் காசு ஹலாலாகவே வந்தது. மகள் அதில் வாங்கும் கணனியும் அப்படியே இருக்கட்டும்.