மேசை கலைந்தால் பிள்ளை மக்கா?

போன மாதம் போட்டோஷொப் பட்டறை ஒன்றுக்குப் போனோம். ஒரு கொம்பியூட்டருக்கு மூன்று பேர். தோழியின் திரையில் திடீரென்று ரூல்ஸ், லேயர்ஸ் எல்லாம் காணாமல் போய்ப் படம் மட்டும் மிஞ்சியது. வந்து பார்த்தவர், "என்னத்தை அமத்தினீங்கள்? முதல்ல கொம்பியூட்டர் பழகிப்போட்டு வாங்கோ" எண்டார். அடுத்த நாள் அவள் வரவில்லை.

அவள் அமத்தினது டாப் கீ. திரும்ப ஒருக்கா அமத்தியிருந்தால் எல்லாம் வந்திருக்கும்.

"வலது பக்கம், கீழே, மூன்றாவது" எண்டு இடத்தைப் பாடமாக்க வைப்பதெல்லாம் படிப்பித்தலா? போட்டோஷொப்பில் வேர்க்ஸ்பேஸ் என்பது ஒரு மேசை. எசென்ஷியல்ஸ், போட்டோகிராபி, பெயின்டிங், மோஷன் எண்டு வேலைக்கு ஏற்றபடி அதில் சாமான் மாற்றி அடுக்கப்படுகிறது. மோஷனில் கீழே டைம்லைன் வரும்; பெயின்டிங்கில் பிரஷ்களும் நிறங்களும் முன்னுக்கு வரும். மேசையை மாற்றுவதால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. கண்ணுக்குப் படாத பனலை விண்டோ மெனுவில் எடுக்கலாம்.

லைட்ரூம் கிளாசிக் வேற கதை. அங்கே லைப்ரரி, டெவலப் என்பவை வேலையின் படிகள். லைப்ரரியில் படங்களைத் தெரிவு செய்கிறோம். டோன் கேர்வ் வேணுமெண்டால் டெவலப்புக்குப் போய்த்தான் ஆகவேண்டும். இந்த வித்தியாசம் விளங்கினவர் புது மென்பொருளைக் கண்டு மிரளமாட்டார். இடத்தைப் பாடமாக்கினவர் அடுத்த அப்டேட்டோட திரும்பவும் பூச்சியம்.

"ஆரம்பத்தில எல்லாருக்கும் ஒரே திரை வேணும், இல்லாட்டிக் குழம்புவினம்" என்பார்கள். சரி, அப்ப முதல் நிமிடத்திலேயே விண்டோ, வேர்க்ஸ்பேஸ், ரீசெட் எசென்ஷியல்ஸ் எண்டு எல்லாரையும் அமத்தச் சொல்லுங்கோ. ஏன் அமத்துகிறோம் எண்டும் சொல்லுங்கோ. திரும்ப அடுக்கத் தெரிந்தவர் கலைக்கப் பயப்படமாட்டார். கலைக்காமல் ஒருவரும் பழகினதில்லை.

வீட்டில் கொம்பியூட்டர் இருப்பவன் இதை இரவிரவாக நோண்டியே பிடித்துவிடுவான். இல்லாதவளுக்குப் பட்டறையின் அந்த இரண்டு மணித்தியாலம்தான். "பழகிப்போட்டு வாங்கோ" எண்டால் எங்கே போய்ப் பழகுவது? பழகத்தானே வந்தாள்!

அடுத்த பட்டறை நடத்தப்போகிறவர்களே, முதல் பாடமாக எல்லாரையும் டாப் கீயை அமத்தச் சொல்லுங்கோ. திரை வெறுமையாகட்டும். பிறகு அவர்களையே திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கோ. பாதிப் பயம் அதோட போயிடும்.